கயிறு பிடித்த நால்வர்

"சாமி, எங்க வீடு நாளுக்கு நாள் சிறுத்துக்கிட்டே போகுது," என்றார் ஆவுடையப்பன்.

"எப்பக் கட்டுனீய?" என்று கேட்டார் சாமி.

"இன்னும் கட்டலை."

"அப்பச் சரிதான்," என்று சொல்லிவிட்டுச் சாமி கடுங்காப்பிக்கு அடுப்பை மூட்டினார்.

சாமியின் பெயர் முப்பிடாதி. மலையடிவாரத்தில் மூடிக் கிடந்த ஒரு செங்கல் சூளையின் காவல் கொட்டகையில் இருந்தார். வயது நாற்பத்தொன்று. பதினாலு வருஷம் சித்தாளாகக் கலவைச் சட்டி சுமந்தவர்.

ஒருநாள் இரண்டாவது மாடிச் சாரத்தில் நின்றுகொண்டு சட்டியை இறக்கி வைத்தார். ஏன் இறக்கினாய் என்று மேஸ்திரி அதட்டியதற்கு, "கனமா இருந்துது," என்றார். பிறகு தூக்கவில்லை.

அந்தப் பதிலை யோசிக்க யோசிக்க ஊர்க்காரர்களுக்குத் தலை சுற்றியது. சட்டிச் சாமி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவரும் வேண்டாமென்று சொல்லவில்லை. அதைச் சொல்வதும் ஒரு சுமைதானே என்று விட்டிருப்பார்.

ஆவுடையப்பனுக்கு அறுபது. அரசு பஸ்ஸில் முப்பத்தோரு வருஷம் தொலைதூர வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். தன்னைவிடப் பத்தொன்பது வயது இளையவரிடம் போய்ச் சந்தேகம் கேட்க அவருக்குக் கூச்சமே இல்லை. வழி தெரியாவிட்டால் யாரிடம் வேண்டுமானாலும் கேட்பது டிரைவர்களின் நல்ல பழக்கம்.

அவருடைய சங்கடம் இதுதான்.

இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தது போக மிச்சமிருந்ததில் இரண்டு செண்ட் மனை வாங்கிவிட்டார். மீதியை எடுத்துக்கொண்டு தளவாய்க் கொத்தனாரிடம் போனார். தளவாய் விரலை மடக்கி மடக்கிக் கணக்குப் போட்டு, பதினோரு அடிக்குப் பத்து அடி என்றார். ஒரே அறை. மூலையில் அடுப்படி. மேலே ஓடு. ஒரு அடி கூட்டினாலும் கூரைக்குக் காசு வராது என்றும் சொன்னார்.

ஆவுடையப்பனுக்கு அது போதும். அவருக்கும் மனைவி உலகம்மாளுக்கும் படுக்க, உட்கார, சமைக்க எவ்வளவு இடம் வேண்டும்? சந்தோஷமாகத் தலையாட்டினார்.

மறுநாள் தளவாய் மனையில் நாலு முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டினார். ஆவுடையப்பன் கயிற்றுக்கு உள்ளே போய் நின்றார். இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார்.

"யோவ், இது வீடா? கோழிக்கூடால்லா இருக்கு!"

வெறும் கயிற்றில் பார்த்தால் அரண்மனையும் அப்படித்தான் தெரியும், மேலே ஆகாசம் இருக்கிறதல்லவா, சுவர் எழும்பட்டும் என்று தளவாய் எவ்வளவோ சொன்னார். முப்பது வருஷமாக எல்லா வீட்டுக்காரர்களிடமும் சொல்லி, ஒருத்தரும் நம்பாத பேச்சு அது.

ஒரே ஒரு அடி கூட்டலாமா என்று கேட்டார் ஆவுடையப்பன். பதினோரு அடியைப் பன்னிரண்டாக்கலாம். கூரைக்கு எப்படியாவது வழி பார்த்துக்கொள்ளலாம்.

பஞ்சாங்கத்தின் கடைசிப் பக்கத்தில் மனையடிப் பலன் இருந்தது. பன்னிரண்டு ஆகாது. பதிமூன்று ஆகாது. பதினான்கு, பதினைந்து, எதுவுமே ஆகாது. பதினாறு பேஷ்.

ஒரு அடி கேட்டவருக்கு ஐந்து அடி விழுந்தது. கயிற்றைப் பதினாறுக்கு இழுத்துக் கட்டி மறுபடி உள்ளே போய் நின்றார். வீடு முன்னைவிடச் சின்னதாகத் தெரிந்தது. நீளம் கூடியதும் அகலம் குறைந்துவிட்டது போல ஒரு தோற்றம்.

அவசரமும் இருந்தது. அவர்கள் இருந்த வாடகை வீட்டைத் தை பிறந்ததும் காலி பண்ண வேண்டும். வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம். ஆவணியில் தோண்டினால் உண்டு. புரட்டாசியில் யாரும் தொடங்கமாட்டார்கள். ஐப்பசியில் மழை. அப்புறம் தளவாய் வேறு வேலைக்குப் போய்விடுவார். ஆவணி பிறந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது.

இவ்வளவையும் கேட்டுவிட்டுச் சாமி டம்ளரைக் கீழே வைத்தார்.

"அண்ணாச்சி, இந்த ஊர்லயே பெரிய வீட்டைப் பாத்திருக்கீயளா?"

"பண்ணையார் வீடா?"

"அதவிடப் பெரிசு. வாங்க."

சூளைக்குப் பின்னால் அரை மைல் நடந்தார்கள். வெளியூரில் சம்பாதித்த ஒருவர் போட்ட அஸ்திவாரம் ஒன்று அங்கே இருந்தது. இடுப்பளவு கருங்கல் கட்டு. நாற்பது அடிக்கு முப்பத்தாறு. வாசலுக்கு நாலு படி. கார் நிறுத்தத் தனி இடம். படியேறிப் போனால் எருக்கஞ்செடிதான். சுவர் ஒன்றுகூட இல்லை. உள்ளே ஏழெட்டு ஆடுகள் படுத்திருந்தன.

"இவ்வளவோடே காசு தீந்துட்டோ?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

"ஆமா. ஆனா ஆளு இருக்கு," என்று ஆடுகளைக் காட்டினார் சாமி. "குடிவந்து எட்டு வருஷம் ஆச்சு. பால் காய்ச்சத்தான் இல்லை."

ஆவுடையப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கச் சிரிக்கப் பயமும் வந்தது. நேராக மனைக்குப் போய், பழையபடி பதினொன்றுக்குப் பத்து என்று கயிற்றைக் குறுக்கிக் கட்டினார். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினார்.

ஞானம் என்பது ஒருமுறை வந்தால் போகாது என்று சொல்லுகிறார்கள். சொல்லுகிறவர்களுக்குச் சொந்தக்காரர்கள் இல்லை போலிருக்கிறது.

நாலாம் நாள் ஆவுடையப்பன் சூளைக்கு ஓடி வந்தார். இந்தத் தடவை தளவாயும் கூட வந்திருந்தார். கொத்தனார் முகத்தில் எண்ணெய் வடிந்தது.

"இப்ப என்ன?" என்றார் சாமி.

"இருபத்தொண்ணுக்குப் பதினாறு," என்றார் தளவாய்.

நடந்தது இதுதான். முதலில் செல்லத்துரை வந்தார். ஆவுடையப்பனோடு அதே வண்டியில் கண்டக்டராக இருந்தவர். கயிற்றைப் பார்த்துவிட்டு, வீட்டை எங்கே காணோம், இது டிக்கெட் கவுண்டரா என்று கேட்டார். முப்பது வருஷச் சிநேகிதன் கேட்டுவிட்டானே என்று அகலம் பதினாறு ஆயிற்று.

அப்புறம் சம்பந்தி நமச்சிவாயம் வந்தார். தீபாவளிக்கு மாப்பிள்ளை வந்தால் எங்கே படுப்பார் என்று மெதுவாகத்தான் கேட்டார். நீளமும் பதினாறு ஆயிற்று.

கடைசியாக மைத்துனர் சங்கரபாண்டி வந்தார். உலகம்மாளின் தம்பி. அக்காவை நல்ல இடத்தில் கொடுத்தோம் என்று நான் நாலு பேரிடம் சொல்ல வேண்டாமா என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நீளம் இருபத்தொன்று ஆயிற்று.

"ஆடு கதையை அவங்ககிட்டச் சொல்ல வேண்டியதுதான?" என்றார் சாமி.

"சொன்னேன் சாமி. எல்லாரும் நல்லாச் சிரிச்சாங்க. சிரிச்சு முடிச்சிட்டு, அது வேற, இது வேறன்னாங்க."

சாமி எழுந்தார். மூன்று பேரும் மனைக்குப் போனார்கள். மலைக் கணவாய் வழியாகக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. சுற்றியிருந்த பனைகள் சலசலவென்று ஓயாமல் பேசின.

சாமி ஒரு மூலைக்குப் போய் முளைக்குச்சியைப் பிடுங்கினார். அடுத்த மூலைக்குப் போய் அதையும் பிடுங்கினார். நாலையும் பிடுங்கி, மூன்று கல்லைக் கூட்டி, அடுப்பு மூட்டிவிட்டார். கடுங்காப்பிக்குத் தண்ணீர் கொதித்தது.

"சாமி, அது வேப்பங்குச்சி. நல்ல நாள் பாத்துச் செதுக்குனது," என்றார் தளவாய் பரிதாபமாக.

"நல்லா எரியுது," என்றார் சாமி.

"கயித்தை இப்ப எதுல கட்ட?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

"தள்ளச் சொன்னது யாரு?"

"செல்லத்துரை, சம்பந்தி, மச்சினன்."

"மூணு மூலைக்கும் ஆள் இருக்குல்லா. நாலாவதுக்கு நீங்க. நாளைக்குக் காலம்பற வந்து பிடிக்கச் சொல்லுங்க."

மறுநாள் எட்டு மணிக்கு மூன்று பேரும் வந்துவிட்டார்கள். வீட்டுக்குக் கயிறு பிடிக்கக் கூப்பிட்டால் யார் மாட்டேன் என்பார்கள்? நமச்சிவாயம் பட்டுக்கரை வேட்டியில் வந்திருந்தார். சங்கரபாண்டி போட்டோ எடுக்கச் சொன்னார்.

சாமி அவர்களை ஒவ்வொரு மூலையிலும் நிறுத்திக் கயிற்றைக் கையில் கொடுத்தார். ஆவுடையப்பன் தென்மேற்கு மூலையில் நின்றார். கயிறு விறைப்பாக நின்றது. இருபத்தொன்றுக்குப் பதினாறு. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

"எவ்வளவு நேரம் பிடிக்கணும்?" என்று கேட்டார் செல்லத்துரை.

"தோண்டி, கல்லுக் கட்டி முடிக்கிற வரைக்கும்."

"அது எவ்வளவு நேரம்?"

"பன்னிரண்டு நாள்," என்றார் தளவாய்.

எல்லோரும் சிரித்தார்கள். சாமியும் சிரித்தார். பிறகு உட்கார்ந்து பொரிகடலை தின்ன ஆரம்பித்தார். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

ஒன்பது மணிக்கு வெயில் ஏறியது. ஒன்பதரைக்குக் காற்று கயிற்றைப் பிடித்து இழுத்தது. பிடித்திருந்தவர்களும் கூடவே ஆடினார்கள். நமச்சிவாயம் கையை மாற்றி மாற்றிப் பிடித்தார். பத்து மணிக்குச் சங்கரபாண்டி, கயிற்றின் மேல் கல்லை வைத்தால் என்ன என்று கேட்டார்.

"கல்லு தள்ளச் சொல்லலையே," என்றார் சாமி.

பத்தேகாலுக்கு நமச்சிவாயத்துக்குச் சர்க்கரை மாத்திரை ஞாபகம் வந்தது. பத்தரைக்குச் செல்லத்துரைக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே ரோட்டுப் பக்கம் போனவர், பேசிக்கொண்டே பஸ் ஏறிவிட்டார். சங்கரபாண்டிதான் கடைசிவரை நின்றார். அக்காமேல் பாசம் பொய்யில்லை. பதினொன்றுக்குக் கேஸ் சிலிண்டர் வரும், வீட்டில் ஆள் இல்லை என்று சொல்லும்போது அவருக்கே கஷ்டமாக இருந்தது.

ஒருவர்மேலும் கோபப்பட முடியாது. அவரவர் வீட்டுக்குத்தான் போனார்கள்.

கயிறு தரையில் கிடந்தது. ஆவுடையப்பன் கையில் மட்டும் ஒரு முனை இருந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது. தன் பயத்தில் பதினெட்டு நாளும், இந்த மூன்று பேருக்காக அதன்மேல் நாலு நாளும் போயிற்று என்று நினைக்க அழுகையும் வந்தது.

அப்போதுதான் உலகம்மாள் தூக்குவாளியில் மோர் கொண்டுவந்தாள். ஆறு பேருக்குக் கலக்கியிருந்தாள். மூன்று பேர்தான் இருப்பதைப் பார்த்தாள். மூன்று பேருக்கும் ஊற்றிக் கொடுத்தாள்.

பிறகு கயிறு மண்ணில் கிடப்பதைப் பார்த்துவிட்டு, நேராக எதிர்மூலைக்குப் போய் அதை எடுத்துத் தட்டிக் கையில் பிடித்துக்கொண்டாள். ஒரு பொருள் கீழே கிடந்தால் எடுக்காமல் போகமாட்டாள். அவ்வளவுதான்.

"எதிர்மூலை ரெண்டு தெரிஞ்சாப் போதும். மிச்சம் ரெண்டையும் மூலைமட்டம் வச்சு நான் எடுத்துக்கிடுவேன்," என்றார் தளவாய். முந்தின நாள் பட்ட அனுபவத்தில் இன்றைக்கு இரும்புக் கம்பியில் முளை கொண்டுவந்திருந்தார். எரிக்க முடியாது.

"சாமி, இப்ப நான் எங்க நிக்கணும்?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

சாமி வாய் நிறையப் பொரி வைத்திருந்தார். உலகம்மாள் நின்ற பக்கம் மோவாயைக் காட்டினார்.

ஆவுடையப்பன் திரும்பிப் பார்த்தார். உலகம்மாள் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"என்ன?"

அவள் மறுபடி சொன்னாள். உதடு அசைந்தது. பனையோலைச் சத்தந்தான் கேட்டது.

அவளுக்குச் சத்தமாகப் பேசிப் பழக்கமில்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து வளவு வீடுகள்தான். ஒரு சுவருக்கு இரண்டு குடும்பம். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் நூறு வயசு என்பார்கள். மெதுவாகப் பேசியே குரல் அப்படி ஆகிவிட்டது. அதிலும் பாதி நாள் பேச ஆள் கிடையாது. ஆவுடையப்பன் இன்றைக்கு இந்த ஊர் டிப்போவில் படுத்திருப்பார், நாளைக்கு அந்த ஊர் டிப்போவில்.

"சத்தமாச் சொல்லு!"

அவள் சத்தமாகச் சொல்லவில்லை. முன்போலவே சொன்னாள்.

ஆவுடையப்பன் இரண்டடி முன்னால் வந்தார். கையிலிருந்த கயிறு தொய்ந்தது. தளவாய் இரும்பு முளையையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

"கேக்கலை."

இன்னும் மூன்றடி. காற்று ஒரு சொல்லைக் கொண்டுவந்து போட்டது. மீதியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

"என்ன இருக்கா?"

அவள் சிரித்தாள். தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் சொன்னாள்.

அவர் இன்னும் வந்தார். பதினொன்றுக்குப் பத்தாக இருந்தபோது வேப்பங்குச்சிகள் நின்ற குழிகளில் ஒன்றைத் தாண்டினார். அதைக் கவனிக்கக்கூட இல்லை. அவள் நெற்றியில் வேர்வை இருந்தது தெரிந்தது. கயிற்றை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"இப்பச் சொல்லு. எதுக்குக் கூப்பிட்ட?"

"ஒண்ணுமில்ல," என்றாள் உலகம்மாள் தன் வழக்கமான குரலில். "இருக்கீயளான்னு பாத்தேன்."

ஆவுடையப்பன் அப்படியே நின்றார்.

தளவாய் இருவருக்கும் நடுவே கிடந்த தரையைக் கண்ணாலேயே அளந்தார். ஆவணி பிறந்ததிலிருந்து அன்றைக்குத்தான் அவர் முகம் தெளிந்தது.

"அண்ணாச்சி, இதுக்குன்னா செங்கலு மிஞ்சும். இன்னும் ஒரு அடி வேணும்னாலும் பின்னால போங்க."

"போக மாட்டேன்," என்றார் ஆவுடையப்பன். "முளைய அடியும்."